பதினான்கு மாத வெயில்

கோத்தகிரியில் ஆடி மாதம்
ஒரு துணி காய எத்தனை நாளாகும் என்பதை
எந்தக் கண்காட்சிக்காரருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.
"பதினைந்தாம் தேதிக்குள்ள வந்துருமா மேடம்?"
வரும்.
ஈரமாக வரும்.

தைல மரத்து இலைகளைப் பட்டில் பரப்பி
இறுகச் சுருட்டி, கயிறு கட்டி
இட்லிக் குண்டானில் இரண்டு மணி நேரம் அவிக்கிறேன்.
(இட்லிக்கு வேறு குண்டான் உண்டு.
ஒருமுறை மாறிப்போனதை
தேவசகாயம் இன்னும் சொல்லிக்காட்டுவார்.)
பிரித்தால்
இலை உதிர்ந்த இடத்தில் இலை இருக்கிறது,
செங்கல் நிறத்தில், நரம்போடு,
புழு தின்ற ஓட்டையோடு.
அந்த ஓட்டையைச் சுற்றித்தான்
முதல் தையல் போடுவேன்.

கோயம்புத்தூரில் ஒன்பது துணி தொங்கவிட்டேன்.
முதல் நாள் சமோசாவுக்குக் கூட்டம் இருந்தது.
"பெட்ஷீட்டா? கிங் சைஸா?"
"மெஷின்ல போடலாமா?"
பல் டாக்டர் ஒருவர்
சோபா நிறத்துக்குப் பொருந்துவதாகச் சொல்லி
இருப்பதிலேயே சின்னதை வாங்கினார்.
அவர் மனைவி இன்னொன்றைக் கேட்டு
மறுநாள் வேண்டாமென்றார்,
ஒட்டிய சிவப்புப் பொட்டை
நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அதிக நேரம் நின்று பார்த்தவர்
விளக்கு மாட்ட ஏணியில் ஏறிய மங்களநாதன்.
"அக்கா, இந்த மூலையில நூல் இழுத்துக்கிட்டு நிக்குது."
நின்றது.
நான் தலை குனிவதற்குள்
விளக்கை அரை முழம் தள்ளித் திருப்பிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மிச்சம் எட்டும் பாலித்தீனில் சுற்றி
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தன.
கார்பெட் என்று நினைத்து
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.
குஞ்சப்பனை சோதனைச் சாவடியில்
பிளாஸ்டிக் மலையேறக் கூடாது என்று
அத்தனையையும் உருவி வாங்கிக்கொண்டார்கள்.
சட்டம் சரிதான்.
அடுத்த வளைவில் மழை பிடித்தது.

அப்புறம் நான் ஒன்றும் தைக்கவில்லை.
தினமும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு,
அவ்வளவுதான், என்று
காலண்டரில் கட்டம் போட்டு வைத்தேன்.
இருபத்திரண்டாம் நாள்
பூண்டு உரித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.
இருபத்து மூன்றாம் நாள் வரவே இல்லை.
திண்டில் குத்திய ஊசி
குத்தியபடியே துருப்பிடித்து
தன்னைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம் போட்டது.
அதைப் பார்த்து
"நல்ல நிறம்" என்று நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.

எதிர்மேட்டில் புதிதாய் வந்த காட்டேஜின் விளக்கு
கண்ணில் அடிக்கிறதென்று
எட்டில் பெரியதை எடுத்து
மேற்கு ஜன்னலுக்குத் திரையாக்கினார் தேவசகாயம்.
என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் சரியென்றிருப்பேன்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டிசம்பரில், துவைக்கக் கழற்றி
தரையில் விரித்தேன்.
மஞ்சள் கிழங்கில் முக்கிய அடித்துணி அது.
மஞ்சள் வெயிலில் நிற்காது என்று
பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
மடிப்புகளின் மேடெல்லாம் வெளுத்து,
பள்ளமெல்லாம் பழைய மஞ்சளாய்
மேலிருந்து கீழே பதினோரு கோடு,
கோணலாய், ஒன்றுபோல் ஒன்றில்லாமல்.
இலைகள் மட்டும் அசையாமல்
கோட்டின் குறுக்கே கிடந்தன.

இந்த மலையில்
வெயில் வருவதே வருஷத்தில் பாதி நாள்.
வந்த நாளெல்லாம்
என் வீட்டில்தான் வேலை பார்த்திருக்கிறது.

துவைக்கவில்லை.
புது ஊசி எடுத்துக் கோட்டோரமாய் ஓடவிட்டேன்.
வெளுப்பு முடியும் இடம் எது என்று
விரலுக்குத் தெரியவில்லை.
விளக்கைப் போட்டால் கண்ணுக்கும் தெரியவில்லை.
பகலில் மட்டும் தைத்தேன்.
குக்கர் நாலு முறை கூவியது.

இப்போது கொச்சிக்கு ஒரு விண்ணப்பம்.
அளவு: நாலுக்கு ஏழடி.
பொருள்: பட்டு, தைல இலை, மஞ்சள், பருத்தி நூல்.
விலை: இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறேன்.
செய்ய எடுத்த காலம்:
பதினாறு மாதம்.
அதில் என் பங்கு இரண்டு.

மூலையில் நூல் இழுத்திருக்கிறது.
அதை இந்த முறையும் வெட்டவில்லை.